உள்ளறைக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம்: இணைய நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கும், அந்த நிறுவனங்களில் புது இணைப்புப் பிரிவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். உங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்கு வருவதற்கு முன்னாலும் நான் அங்கே இருந்திருப்பேன். அவர்கள் போன பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மின்விசிறி மாட்டப் போனாலும் சரி, இன்வர்ட்டர் பார்க்கப் போனாலும் சரி, வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரர்கள் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள். "அண்ணே, ஹால்ல நெட் நல்லா வருது. உள்ரூம்ல சுத்தமா வர மாட்டேங்குது. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?" கம்பெனிக்குச் சொன்னீர்களா என்று கேட்டால், சொன்னோம், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள் என்பார்கள்.

வழி இருக்கிறது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. முக்கால்வாசி வீடுகளில் பிரச்சினை லைனில் இல்லை, திட்டத்தில் இல்லை, மோடத்திலும்கூட இல்லை. மோடத்தை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அந்த இடத்தை முடிவு செய்வது உங்கள் நிறுவனத்தின் வேலை என்று நீங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த மடலை எழுதுவதே அதற்காகத்தான்.

ஒரு புது இணைப்பு எப்படி நடக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, நான் பார்ப்பதைச் சொல்கிறேன். பையன் ஏணியோடு வருகிறான். கம்பத்திலிருந்து ஃபைபரை இழுத்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஆணி அடித்துக் கட்டி, வாசல் பக்கமாகத் தொங்கவிட்டு, ஹால் ஜன்னல் ஓரமாக ஒரு ஓட்டை போட்டு உள்ளே எடுக்கிறான். பச்சைத் தலை உள்ள கனெக்டரை மாட்டி, பவர் மீட்டரில் லைனைச் சோதிக்கிறான். அதில் எந்தக் குறையும் வைப்பதில்லை. அப்புறம் சுற்றிப் பார்க்கிறான். எங்கே பிளக் பாயின்ட் இருக்கிறது? டிவிக்குப் பின்னால். மோடம் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. செட்டாப் பாக்ஸுக்கும் டிவியின் இரும்பு முதுகுக்கும் நடுவில். பிறகு மோடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, 98 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) காட்டியதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா" என்று வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி என்று அவர்களே என்னிடம் சொல்கிறார்கள். வீட்டுக்குள் நடந்து பார்த்து, இடம் யோசித்து, கூடுதலாக ஃபைபர் இழுத்து நடுக்கூடத்தில் மாட்டினால் அவனுக்கு ஒரு மணி நேரம் போகும், ஒரு ரூபாய் கூட வராது. நல்ல இடத்தில் வைப்பவனுக்கு நஷ்டம் வருகிற மாதிரி கூலி வைத்திருப்பது நீங்கள்தான். அதை மாற்றாமல் எத்தனை புது மோடம் இறக்கினாலும் உள்ளறை அப்படியேதான் இருக்கும்.

நம் ஊர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோடத்தின் அட்டைப் பெட்டியில் இத்தனை சதுர அடிக்கு எட்டும் என்று போட்டிருக்கிறார்களே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் உள்சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். நம்முடையது செங்கல். தடுப்புச் சுவர் நாலரை அங்குலம், பாரம் தாங்குகிற சுவர் ஒன்பது அங்குலம், இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் கான்கிரீட் தளம், அதற்குள் குறுக்கும் நெடுக்கும் கம்பி. இந்த மோடங்களின் வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைப் பட்டைகளில் ஓடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒரு செங்கல் சுவரைத் தாண்டும்போதே நன்றாக இளைத்துவிடும். இரண்டாவது சுவருக்கு அப்புறம் போனில் ஒரு கோடு தெரிந்தால் பெரிய விஷயம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும். ஆனால் அதில் வேகம் குறைவு, போதாததற்குப் பக்கத்து வீட்டு மோடங்கள் எல்லாம் அதே பாதையில் நெரிசலாக நிற்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பயன்படுத்த அதில் 1, 6, 11 என்று மூன்றே சேனல்கள்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தளத்துக்கு எட்டு வீடு, எட்டு மோடம் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இதோடு, படுக்கையறைச் சுவரை ஒட்டி இரும்புப் பீரோ நிற்கும். எல்லா வீட்டிலும் நிற்கும். ஹாலிலிருந்து வருகிற சிக்னல் சுவரைத் தாண்டி வந்து அந்தப் பீரோவில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கட்டில் அதற்கு அந்தப் பக்கம்.

"நாலு ஆன்டெனா இருக்கிற பெரிய மோடம் வாங்கிக்கோங்க" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் சொல்லி, அதை நம்பி வாங்கி ஏமாந்தவர்களைப் பார்க்கிறேன். மோடம் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், போன் திரும்பிப் பேச வேண்டும் இல்லையா? போனின் ஆன்டெனா சின்னது, அதன் பேட்டரியும் சின்னது. மோடத்தின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் மோடத்துக்குக் கேட்காது. கோடு முழுசாகக் காட்டும், வீடியோ கால் மட்டும் நின்று நின்று வரும். இதற்கு மருந்து மோடத்தை மக்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது மட்டும்தான். வீடு முழுக்க வெளிச்சம் வேண்டும் என்று வாசல் அறையில் மட்டும் பெரிய விளக்காகப் போட எந்த வயரிங்காரனும் சொல்ல மாட்டான். அறைக்கு ஒரு பாயின்ட் போடுவான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. முன்னால் குறுகல், உள்ளே நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைத் தாண்டி அடுக்களை, கடைசியில் ஒரு அறை. அந்தக் கடைசி அறையில்தான் மகள் உட்கார்ந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். ராத்திரி மீட்டிங் இருக்கும், தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காக அந்த அறை. மோடம் எங்கே? ரேழியில், மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். ஃபைபர் தெருவிலிருந்து வந்து தொட்ட முதல் இடம் அது. பழைய காலத்துச் சுவர்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்குக் குறையாது. கடைசி அறையில் அளந்தபோது 3, 4 என்று தள்ளாடியது. அவர் கட்டுகிற திட்டம் 100 எம்பிபிஎஸ். புகார் கொடுத்தார். ஆள் வந்தார், ரேழியில் நின்று அளந்தார், 95 வந்தது, "எங்க சைடு ஓகே" என்று புகாரை மூடிவிட்டார். மோடத்தைக் கூடத்துக்கு மாற்றித் தரச் சொன்னதற்கு இடமாற்றக் கட்டணம் கேட்டார்கள், ஃபைபரில் மிச்சம் விடவில்லை, புதிதாகத்தான் இழுக்க வேண்டும் என்றார்கள்.

கடைசியில் அந்த மகளின் அப்பா என்னைக் கூப்பிட்டார். ரேழி மோடத்திலிருந்து உத்திரம் ஓரமாகக் கேட்6 என்ற நெட்வொர்க் ஒயர் ஒன்றை ஓட்டி, கூடத்தைத் தாண்டி முற்றத்துத் தூணுக்குப் பக்கத்தில் இறக்கி, அங்கே ஒரு சின்ன ஆக்சஸ் பாயின்ட், அதாவது ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, மாட்டினேன். மோடத்தில் இருந்த அதே பெயர், அதே கடவுச்சொல். கடைசி அறையில் 80-க்கு மேல் வந்தது. முற்றம் திறந்த வெளி, அங்கிருந்து அந்த அறைக்கு நடுவில் ஒரே ஒரு கதவுதான். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அந்த வீட்டின் அமைப்பைப் பார்த்த யாருக்கும் தோன்றியிருக்கும். பார்க்கச் சொல்லி யாருக்கும் நீங்கள் சம்பளம் தரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் முதல் கோரிக்கை, ஓட்டை போடுவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். யார் எந்த அறையில் வேலை பார்க்கிறார்கள், பிள்ளை எங்கே படிக்கிறது, பெரியவர்கள் எங்கே உட்கார்ந்து வெளிநாட்டுப் பேரப்பிள்ளையோடு பேசுகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஃபைபர் மெல்லிசானது, வளைவதற்கு ஏற்ற வகைகளும் வந்துவிட்டன. இன்னும் பதினைந்து மீட்டர் உள்ளே போவதற்கு என்ன தடை? குறைந்தபட்சம் மோடத்துக்குப் பின்னால் சில மீட்டர் சுருட்டி விட்டுவிட்டுப் போகட்டும், பின்னால் நகர்த்த உதவும். வேலை முடிந்ததற்கான ஓடிபியை ஒவ்வொரு அறையிலும் அளந்து, அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிய பிறகுதான் வாங்க வேண்டும் என்று வையுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அளக்க வேண்டும். உள்ளறையில் அளவு குறைவு என்றால் அதையும் எழுதி, என்ன செய்தால் சரியாகும், எவ்வளவு ஆகும் என்று வாடிக்கையாளரிடம் அன்றைக்கே சொல்லட்டும். இதற்கு ஆகும் நேரத்துக்கு அந்தப் பையனுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். திரும்பத் திரும்ப வரும் புகாருக்கு ஆள் அனுப்புகிற செலவை எண்ணிப் பாருங்கள், இந்தக் கூலி பெரிதாகத் தெரியாது.

அடுத்தது நீங்கள் தருகிற பெட்டி. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய மோடத்தை மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டு ஆன்டெனா உள்ள அந்த வகைப் பெட்டிக்கு 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் காகிதக் கணக்கே 144 எம்பிபிஎஸ்தான். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. நெரிசலான தெருவில் அதுவும் கிடைக்காது. மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இவ்வளவு வருஷம் கழித்தும் ஒற்றைப் பட்டைப் பெட்டியைக் கொடுப்பதற்கு நியாயமே இல்லை. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இந்தப் பெட்டியில் வைஃபை வழியாக இவ்வளவுதான் வரும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு பட்டையும் உள்ள பெட்டியில் வேறொரு தொல்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, ஒன்றின் கடைசியில் 5ஜி என்று சேர்த்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அதை மொபைல் 5ஜி என்று நினைத்து, தங்கள் போன் 5ஜி இல்லையே என்று அதைத் தொடுவதே இல்லை. இன்னும் சிலர் அதில் சேர்ந்துவிட்டு உள்ளறைக்குப் போய், சிக்னல் விட்டுப்போனதும் நெட் போச்சு என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எதில் சேர வேண்டும் என்பதைப் போனும் மோடமும் பார்த்துக்கொள்ளும்படி விட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

ரிப்பீட்டர் பற்றி. உள்ளறைப் புகாருக்கு ஒரு மலிவு ரிப்பீட்டரைத் தலையில் கட்டுவதை நிறுத்துங்கள். ஒற்றை ரேடியோ உள்ள ரிப்பீட்டர் மோடத்திடம் கேட்டதை அதே ரேடியோவில் மறுபடி சொல்ல வேண்டும், வேகம் பாதியாகிவிடும். அதையும் மக்கள் சிக்னலே வராத அறையில் கொண்டுபோய்ச் சொருகுகிறார்கள். வராத சிக்னலை அது எங்கிருந்து பெருக்கும்? விற்பவர் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க சிக்னலைப் பரப்பும் மெஷ் பெட்டிகள் பரவாயில்லை, ஆனால் அவையும் நடுவில் கான்கிரீட் தளம் வந்தால் திணறும். நம் வீடுகளுக்கு நிச்சயமாகக் கைகொடுப்பது ஒயர்தான். கேட்6 ஒயர் 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும், எந்தத் தனி வீட்டுக்கும் அது போதும். மாடிக்கு ஒரு ஒயர், அங்கே ஒரு பெட்டி. இந்த வேலையை நீங்களே ஒரு நியாயமான விலைக்குச் செய்து தரலாம், மாத வாடகையில் சேர்த்தும் வாங்கிக்கொள்ளலாம். செய்யும்போது முழுச் செம்பு ஒயர் போடுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் இப்போது கடைகளில் கேட்6 என்ற பெயரிலேயே கிடைக்கிறது. கொஞ்ச நாளில் ஜாக்கில் உடைந்து போகும். பழி என்னவோ நெட்டுக்குத்தான் வரும்.

உங்களிடம் செய்ய ஆள் இல்லை என்றால் எங்களைப் போன்றவர்கள் செய்துகொள்கிறோம். அதற்கு வழி விடுங்கள். மோடத்தின் அட்மின் கடவுச்சொல்லைத் தர மாட்டோம், பிரிட்ஜ் மோடில் (மோடம் லைனை மட்டும் கடத்தி, மற்ற வேலையை வெளி ரவுட்டரிடம் விடும் முறை) போட மாட்டோம், வெளியில் வாங்கிய ரவுட்டருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொன்னால் வாடிக்கையாளர் எங்கே போவார்? பிரிட்ஜ் மோடு கேட்டு எழுதியவருக்கு ஒரே நாளில் மாற்றித் தருவது உங்கள் அலுவலகத்தில் சில நிமிட வேலை.

சொல்லப்போனால், உள்ளறையில் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் உங்கள் அலுவலகத்திலிருந்தே பார்க்க முடியும். மோடத்தைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி உங்களிடம் இருக்கிறது. எந்தக் கருவி எவ்வளவு பலவீனமான சிக்னலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்த சேனலில் நெரிசல் என்பதையெல்லாம் அதில் எடுக்கலாம். புகார் சொல்பவரின் சம்மதம் கேட்டு அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். "சார், உங்க லேப்டாப்புக்கு சிக்னல் ரொம்பக் குறைவா இருக்கு, இது லைன் பிரச்சினை இல்லை, இடப் பிரச்சினை" என்று சேவை மையத்தில் ஒருவர் சொன்னால் போதும், மக்கள் புரிந்துகொள்வார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது.

சட்டப்படி எங்கள் பொறுப்பு மோடம் வரைதான் என்று நீங்கள் சொல்லலாம். பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று 2023 ஜனவரியில் வரையறை மாறியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் புதிய சேவைத்தர விதிமுறைகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவை பார்ப்பதெல்லாம் உங்கள் நெட்வொர்க்கை. வீட்டுக்குள் எந்த அறையில் எவ்வளவு வருகிறது என்று அவை கேட்பதில்லை. உண்மைதான். ஆனால் உங்கள் விளம்பரத்தில் மோடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பத்தையா காட்டுகிறீர்கள்? ஒருவர் மாடியில் விளையாடுகிறார், ஒருவர் அடுக்களையில் சமையல் வீடியோ பார்க்கிறார். மக்கள் அதைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். பிரிட்டனில் பி.டி. என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2019-இல் ஒவ்வொரு அறைக்கும் வைஃபை எட்டும், எட்டாவிட்டால் ஒரு தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று தனித் திட்டமே கொண்டுவந்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தி அல்ல. வீடு முழுக்க என்று சொல்லி விற்க அவர்கள் தயாராக இருந்தார்கள், அதற்கு உத்தரவாதமும் கொடுத்தார்கள். இங்கேயும் ஒரு நிறுவனம் முதலில் செய்தால் மற்றவர்கள் பின்னால் வந்துதான் ஆக வேண்டும்.

புதிதாகக் கட்டுகிற வீடுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்த அன்றைக்கு, கான்கிரீட் போடுவதற்கு முன்னால், மின்சாரத்துக்கான பைப்பை எல்லாம் நாங்கள் தளத்துக்குள் பதித்துவிடுவோம். அன்றைக்கு இன்னொரு பைப் சேர்த்துப் போடுவதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். வீடு முடிந்து பெயின்ட் அடித்த பிறகு அதே வேலைக்குச் சுவரை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் வெளியே ஓட வேண்டும். யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, ஏனென்றால் நெட் என்பது குடிபோன பிறகு வருகிற விஷயமாக இருக்கிறது. கட்டடங்களின் இணைய வசதிக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் விதிமுறையை ட்ராய் 2024-இல் கொண்டுவந்திருக்கிறது. அது பெரிய குடியிருப்புகளுக்கு உதவலாம். ஒன்றரை கிரவுண்டில் தன் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவரிடம் அது போய்ச் சேராது. நீங்கள் போய்ச் சேரலாம். மொட்டைமாடியிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு ஒரு பைப், அங்கிருந்து மாடிக்கும் கடைசி அறைக்கும் ஒவ்வொரு பைப், உள்ளே இழுப்புக் கம்பி, நடுப்பகுதியில் இன்வர்ட்டர் லைனோடு ஒரு பிளக் பாயின்ட். இதை ஒரே ஒரு பக்கத்தில் படம் போட்டு, உங்கள் பெயரை வேண்டுமானால் கொட்டை எழுத்தில் போட்டு, தமிழில் அச்சடித்து எலக்ட்ரிக்கல் கடைகளில் வையுங்கள். ஒயர் வாங்க வருகிற நாங்கள் அதை எடுத்துப் போய் வீட்டுக்காரரிடமும் இன்ஜினியரிடமும் காட்டுகிறோம். வீடு முடிந்து நீங்கள் இணைப்புக் கொடுக்க வரும்போது உங்கள் ஆளுக்கு வேலை பாதியாகக் குறையும்.

அந்த ஒரு பக்கப் படத்தை வரைந்து தர நானும், என்னோடு இந்த ஊரில் வேலை செய்கிறவர்களும் தயாராக இருக்கிறோம். பணம் வேண்டாம். திருச்சியில் எந்த மாதிரி வீட்டுக்கு எங்கே மோடம் வைக்கலாம் என்று உங்கள் ஆட்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கச் சொன்னாலும் வருகிறோம். புது இணைப்புப் படிவத்தில் ஒவ்வொரு அறையிலும் அளந்த வேகத்தை எழுத இடம் ஒதுக்குவதை மட்டும் அதற்குக் காத்திருக்காமல் வருகிற மாதமே தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியில் வீட்டு வயரிங் வேலை செய்பவன்